பியானோவும் பாடும் குரலும்

பிள்ளைக்குக் கீபோர்ட் எனும் மின்பியானோ வாங்கலாமா எனத் தேற்றாத்தீவுப் பெற்றோர் எவரேனும் வினவின், ஜப்பானை நோக்குக என்போம். 1887இல் ஹமமாட்சு நகரப் பள்ளியொன்றின் பழுதுற்ற ஓர்கனைச் செப்பனிட்ட டொரகுசு யமஹா, அதன் நுட்பமறிந்து தாமே ஒன்று செய்தார். 1900இல் அவர் நிறுவனம் பியானோவும் செய்தது. அந்நாட்டில் 1982இல் தோன்றிய எக்ஸ் ஜப்பான் குழுவினர், மின்கிதார்களின் முழக்கத்திடையே பியானோவுக்குச் சிறப்பிடம் அளித்தனர். யொஷிகி இயற்றி 1993இல் வெளியான ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ 29 நிமிடம் நீள்வது. அதனிடையே பியானோ நெடுநேரம் தனித்தொலிக்கும்.

நம் இசைக்கு இக்கருவி பொருந்துமா? கட்டையை அழுத்தினால் சுரம் அசையாது நிற்கும், கமகம் பிறவாது. இத்தகைய குறை கூறியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆயினும், சிக்கில் குருசரண் பாட அனில் ஸ்ரீநிவாசன் பியானோ வாசித்த கச்சேரிகளில் கமகத்தைக் குரல் ஏற்றது. பியானோ அதற்குத் துணைநின்றது.

ஆகவே கருவியை வாங்குங்கள். முதலிற் பாடவும் கற்பியுங்கள். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிப்பதுபோல, தடுமாறும் விரலைப் பாடிப் பழகிய செவி தெளிவிக்கும் அன்றோ!