கார் கழுவத்தான் போகப் போகிறாயா?

"ஒழுங்காகப் படி. இல்லாவிட்டால் கார் கழுவத்தான் போகவேண்டும்!" எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தாத்தா பாட்டி காலத்தில் "மரம் வெட்டத்தான் போவாய்" என்றார்கள். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு மிரட்டலில் சொல்தான் மாறியிருக்கிறது, தொனி மாறவில்லை.

பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க ஈரத்தில் நின்று, கை தோல் உரிந்து, மாலையில் நாள்கூலியோடு வீடு திரும்பும் வேலையைத் தங்கள் பிள்ளைக்கு யார்தான் விரும்புவார்கள்? ஆனால் அந்த வசனத்துக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. கார் கழுவ அறிவு தேவையில்லை, கையிருந்தால் போதும் என்பதுதான் அது. அந்த எண்ணத்தை நம் இளைஞர்களும் அப்படியே நம்பிவிட்டார்கள் என்பதை ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று வந்தால் தெரிந்துகொள்ளலாம். சுடச்சுட வெயில், ஒரே ஒரு வாளி, அதில் பாத்திரம் கழுவும் திரவம், போனமாதம் கிழித்த பழைய டீசட்டை. அன்போடுதான் தேய்க்கிறார்கள். அந்த அன்புதான் காரைக் கெடுக்கிறது.

உங்கள் வீட்டுக் காரின் போனட் மீது இன்றிரவு கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். வாங்கிய நாளில் அவை அங்கு இல்லை. காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு மேல்பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகளோ அதைவிடப் பன்மடங்கு கடினமானது. துணிக்கும் பூச்சுக்கும் நடுவில் அந்தத் துகள் ஒன்று மாட்டினால் போதும், ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு கீறல்தான்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி செம்மண் பாதையில் ஒருமுறை போனால், ஓரத்தில் நிற்கும் கார் முழுவதும் செந்தூள் படிந்துவிடும். அதைக் காய்ந்த துணியால் 'சும்மா ஒரு தட்டு தட்டி' விடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மணற்தாளால் தேய்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு அளவில்தான்.

சரியான முறை கடினமானது அல்ல. காரை நிழலில் நிறுத்தி, போனட் சூடு தணிந்த பிறகு தொடங்க வேண்டும். முதலில் கை வைக்காமல் தண்ணீரால் மட்டும் மண்ணைக் கழுவி இறக்க வேண்டும். இரண்டு வாளிகள் வேண்டும், ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒரு பகுதியைக் கழுவியதும், அதை வெறும் தண்ணீர் வாளியில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். வாளியின் அடியில் ஒரு வலைத்தட்டு போட்டால், இறங்கிய மண் மீண்டும் மேலே கலங்கி வராது. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. கடைசியில், தண்ணீர் தானாகக் காய்வதற்கு முன் மெத்தென்ற துவாலையை மேலே விரித்து ஒற்றி எடுக்க வேண்டும். இவ்வளவுதான். இரண்டாவது வாளிக்கு ஆகும் செலவு ஒரு நாசி லெமாக் விலையைவிடச் சற்று அதிகம்.

ஏன் என்று கேட்கும் மாணவருக்கு இதில் பாடப்புத்தகமே திறந்து கிடக்கிறது. படிவம் 5 வேதியியலில் சவர்க்காரம், சலவைப்பொருள் பற்றிப் படிக்கிறீர்கள். மூலக்கூற்றின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும் என்று மனப்பாடம் செய்கிறீர்கள் அல்லவா? பாத்திரத் திரவம் கறிச்சட்டியின் எண்ணெயை வெளியேற்றுவதுபோலவே, காருக்குப் பாதுகாப்பாகப் பூசிய மெழுகையும் வெளியேற்றிவிடுகிறது என்பது அதே பாடத்தின் அடுத்த வரி. பிரேக்கிலிருந்து பறந்து ரிம்மில் ஒட்டும் இரும்புத்தூளின்மேல் அதற்கான திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறமாக மாறி வழியும். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் வேதிவினை அது. (ரிம் என்றதும் ஜாசின் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) பறவை எச்சத்தின் கதை இன்னும் சுவையானது. வெயிலில் மேல்பூச்சு விரிந்து மென்மையாகிறது. இரவில் குளிர்ந்து இறுகும்போது, மேலே காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவத்தையே தன்மேல் பதித்துக்கொள்கிறது. அதனால்தான் துடைத்த பிறகும் அச்சு போகாமல் நிற்கிறது.

நம்மவர்களுக்கே உரிய சங்கதி ஒன்றும் உண்டு. ஆயுத பூஜையன்று காரைப் பளபளவென்று கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றுகிறோம். மறுவாரம் காய்ந்துபோன சந்தனத்தை நகத்தாலோ காய்ந்த துணியாலோ சுரண்டும்போதுதான் போனட் நடுவில் நிரந்தரமாக ஒரு கீறல் வட்டம் விழுகிறது. குங்குமம் வெள்ளைக் காரில் கறையாகவும் தங்கலாம். பொட்டைக் கண்ணாடியில் வைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது. போனட்டில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னால், மறுநாளே நன்றாக நனைய விட்டுக் கழுவி எடுங்கள். கல்யாணக் காருக்குக் கம்பி வைத்த பூச்சரம் கட்டுபவர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் தனியாகக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் கற்கலாம். ஆனால் கையுறையை எவ்வளவு அழுத்துவது, மெருகேற்றும் இயந்திரத்தை ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று "தம்பி, கையை லேசா விடு" என்று சொன்னால்தான் பிடிபடும். கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் உள்ள மெகுவயர்ஸ் நிறுவனம் இதைத்தான் செய்தது. 1901-இல் மரச்சாமான் பாலிஷ் தயாரிக்கத் தொடங்கி, பின்னர் கார்ப் பராமரிப்பில் பெயர் பெற்ற நிறுவனம் அது. சனிக்கிழமைகளில் கார் ஆர்வலர்களைக் கூட்டி, அவர்கள் கையிலேயே இயந்திரத்தைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது. தன் பொருளை விற்கத்தான் செய்தது, சந்தேகமில்லை. ஆனாலும் வந்தவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

நம் இளைஞர்களுக்குக் கூட்டம் சேர்வது புதிதல்ல. மைவி வைத்திருப்பவர்கள், பழைய சாகா வைத்திருப்பவர்கள் என்று ஆளுக்கொரு குழு இருக்கிறது. 'டீடீ' என்று சுருக்கிச் சொல்லும் தே தாரேக் சந்திப்பு மாதம் தவறாமல் நடக்கிறது. அங்கே நடப்பது என்ன? புகைபோக்கிச் சத்தத்தை ஒப்பிடுவதும், ரிம் விலையைச் சொல்லிப் பெருமை பேசுவதும்தான் பெரும்பாலும். என் கருத்து இதுதான்: அந்த மாதச் சந்திப்புகளில் ஒன்றையாவது கழுவும் வகுப்பாக மாற்றுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குத் தமிழில், காரணத்தோடு சொல்லிக்கொடுக்கட்டும். ஆக்சியா ஓட்டிக் கல்லூரிக்குப் போகும் தங்கைகளையும் அழையுங்கள். இந்த விஷயங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடைப்பதால், ஆங்கிலம் தடுமாறும் ஒரு தோட்டத்துப் பையனுக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. மறுபாதியைத் திறக்க ஓர் அண்ணன் போதும்.

கூடிக் கழுவுவதில் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. வீட்டு ரப்பர்க் குழாய் நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில் கொட்டும். பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர். மண்ணை இறக்கச் சிறிது நேரம் மட்டும் குழாயைத் திறந்து, மற்ற வேலையை இரண்டு வாளிகளில் முடிப்பவர் அதில் பாதிகூடச் செலவழிக்கமாட்டார். மலாக்காவில் இருந்துகொண்டு இதை அலட்சியமாகப் பேசமுடியாது. 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீட்டில் வாழ்ந்த அனுபவத்தை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டு முன் கால்வாயில் ஓடும் நுரை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை, நேரே ஆற்றுக்குத்தான் போகிறது. எனவே வகுப்பு நடத்தினால் கால்வாய் ஓரத்தைத் தவிர்த்து, புல்தரை பக்கம் இடம் பாருங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரிம்மில் படிந்த கறுப்பைக் கண்மூடித் திறப்பதற்குள் வெண்மையாக்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அதைச் சேர்ந்த உப்புகளோ இருக்கும். மற்ற அமிலங்களைப்போல் இது பட்டவுடன் எரிச்சல் தராமல் இருக்கலாம். தோலுக்குள் ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் கழித்து வலியைக் காட்டும். அமெரிக்காவில் கார் கழுவும் தொழிலாளர்கள் இதனால் காயமடைந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்களே, பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியை முதலாளி நீட்டினால், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கேளுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் உங்களுக்கு வேலை வேண்டாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். சாதாரண நுரைக் கழுவலுக்கு ஏறக்குறைய 15 ரிங்கிட் வாங்குகிறார்கள். அதே காரைக் களிமண் கட்டியால் சுத்தம் செய்து, மெருகேற்றி, பாதுகாப்புப் பூச்சு பூசும் டீட்டெய்லிங் வேலைக்குச் சில நூறு ரிங்கிட். செராமிக் பூச்சு என்றால் ஆயிரத்தையும் தாண்டும். இரண்டு வேலையையும் செய்வது மனிதக் கைகள்தான். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அறிவு. மெருகேற்றுவது என்றால் கீறலை நிரப்புவதல்ல, கீறலின் ஆழம்வரை மேல்பூச்சையே சீவி எடுப்பது என்று தெரிந்தவன், ஒவ்வொரு முறையும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யோசிப்பான். தெரியாதவன் பளபளப்பைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் பூச்சே உரியும்படி செய்துவிடுவான். முழுவதும் சீவிய இடத்தில் மறுபடி சாயம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்காக எஸ்.பி.எம்.மை விட்டுவிட்டு வாளியைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆர்வம் பிடித்துக்கொண்டால் அதைச் சான்றிதழோடு வளர்க்க மலாக்காவிலேயே வழி இருக்கிறது. தாபோ நானிங்கில் அட்டெக், மெர்லிமாவில் பாலிடெக்னிக், ஜாசினிலும் மஸ்ஜித் தானாவிலும் சமூகக் கல்லூரிகள் உள்ளன. எந்தக் கழகத்தில் எந்தப் பயிற்சி, என்ன தகுதி என்பதை நேரில் போய்க் கேளுங்கள். வாகனப் பழுது, உடற்பகுதிச் சீரமைப்பு, சாயம் தெளித்தல் போன்ற துறைகளில் மனிதவள அமைச்சின் கீழ் வரும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். ஏற்கெனவே பல ஆண்டு வேலை செய்தவர்கள், தங்கள் அனுபவத்துக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, முன் அனுபவ அங்கீகாரம் வழியாகவும் அதே சான்றிதழுக்கு முயலலாம். கார் கழுவும் நிலையத்தில் வேலை செய்து, அடுத்து பட்டறைக்கு மாறிய நம் அண்ணன்மார் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. அலோர் காஜாவின் பெகோ தொழிற்பேட்டையில் 2003 முதல் ஹோண்டா கார்கள் தயாராகின்றன. கார் செய்யும் மாநிலத்தில் பிறந்துவிட்டு, காரின் தோலைப் பற்றி எதுவும் தெரியாமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது.

முதல் வகுப்புக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு வாளி, ஒரு கையுறை, ஒரு துவாலை கொண்டு வந்தால் போதும். கழுவி முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு போனட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பையோடு தடவும்போது சொரசொரப்பாக இருந்தால், ஒட்டிய அழுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அது அடுத்த மாதப் பாடம். மெருகேற்றிப் பழக அப்பாவின் காரைத் தொட வேண்டாம். பழைய இரும்புக் கடையில் நசுங்கிய போனட் ஒன்று கேட்டு வாங்கி, நடுவில் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் மெருகேற்றிவிட்டு டேப்பை உரித்துப் பாருங்கள்.