வாசிகசாலையும் தேர்வடமும்

கோயிலின் இடத்தை இனி வாசிகசாலை நிரப்பும் என்று நம் நண்பர் சிலர் சொல்லி வருகின்றனர். சிரமதானமும் இரத்ததானமும் இலவச வகுப்பும் ஒழுங்காக நடைபெறின், மக்களுக்கு மதம் வேண்டியிராது என்பது அவர்தம் கட்சி. நாம் மதத்துக்கு வக்காலத்து வாங்குவோர் அல்லர். ஆயினும் இக்கூற்றை ஒப்புக்கொள்ள எம்மால் இயலவில்லை.

இது புதிய ஆசையுமன்று. பிரெஞ்சு அறிஞர் ஓகஸ்ட் கொம்ட் மனிதகுலத்தையே வழிபடும் மதமொன்றை வகுத்து, 1849இல் அதற்கெனப் பதின்மூன்று மாத நாட்காட்டியும் செய்தளித்தார். 1876இல் நியூயோர்க்கில் பீலிக்ஸ் அட்லர் தொடங்கிய ஒழுக்கப் பண்பாட்டுச் சங்கம், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி நடத்திற்று. நோயாளரின் வீடு தேடித் தாதியரை அனுப்பிற்று. நல்ல பணிகள்தாம். 2013இல் லண்டனில் தோன்றிய 'ஞாயிறு சபை' பாட்டும் பேச்சும் தேநீருமாய்க் கடவுளற்ற தேவாலயம் நடத்திப் பார்த்தது. இவற்றுள் எதுவும் மதத்தின் இடத்தைப் பிடித்துவிடவில்லை.

காரணம் என்ன? நம் ஊர்க் கதையே விடை சொல்லும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. கடவுளை நம்பாத பொதுவுடைமையாளரும் அவர் பக்கம் நின்றனர். இதனை முரண் என்று எள்ளுவோர் அப்போராட்டத்தை விளங்கிக்கொள்ளாதவர். அம்மக்கள் கேட்டது திருநீறு மட்டுமா? தேநீர்க்கடையில் கேட்டதையே கோயிலிலும் கேட்டனர்: நாமும் இவ்வூரவர் என்னும் நிலை. ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடத்திலே கை வைப்பவன் உதவி பெறுபவன் அல்லன், உரியவன். அந்த வடத்தைத் தொடவிடாது தடுத்ததே மதம் செய்த பெருங்குற்றம்.

இனிச் சேவைச் சங்கங்களைப் பாருங்கள். றோட்டறிக் கழகமும் லயன்ஸ் கழகமும் மூக்குக்கண்ணாடி வழங்குகின்றன. சக்கர நாற்காலி வழங்குகின்றன. வாங்குகிறவன் படத்துக்கு நின்றுவிட்டு வீடு திரும்புகிறான். அடுத்த கூட்டத்தில் அவனுக்கு நாற்காலி உண்டா? கோயில் வாசலில் இரப்பவன்கூடத் தன்னை அடியவன் என்று எண்ணிக்கொள்ளலாம். இங்கோ அவன் வெறும் பயனாளி. (பயனாளி என்ற இச்சொல்லைக் கண்டுபிடித்த அலுவலகத்தை நாம் மன்னிப்பதற்கில்லை.)

நமது சனசமூக நிலையங்கள் இவற்றினும் மேலானவை. சந்தா கட்டும் அங்கத்தவரே அவற்றின் சொந்தக்காரர். ஆனால் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், சாதிக்கொன்றாக இரண்டு நிலையங்கள் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். இரண்டிலும் மேசைமேற் கிடப்பது அதே பத்திரிகை. கோயிலிலிருந்து கடவுளை விட்டுவிட்டு மதிலை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறோம்!

இன்னொன்று, சாவு. மாலையில் கரப்பந்து ஆடியவர்கள், ஓர் அங்கத்தவர் இறந்ததும் எங்கே போகின்றனர்? செத்தவீடு ஐயருக்கும் குடிமைத் தொழிலாளருக்கும் உரிய காரியமாகிவிடுகிறது. நிலையம் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு ஒதுங்கிவிடுகிறது. மரண சகாய சங்கங்கள் மட்டுமே ஓரளவு வேறுபட்டவை. மாதாமாதம் சிறு தொகை கட்டியவன் வீட்டுக்குப் பந்தலும் பணமும் தருமமாக அல்ல, உரிமையாக வருகின்றன. மதத்தின் இடத்தை நாடும் நண்பர்கள் தொடங்கவேண்டிய இடம் இதுவே. பறையடிக்க ஒரு சாதியையும் கட்டையடுக்க இன்னொரு சாதியையும் தேடாமல், அங்கத்தவர் யாவரும் முறைவைத்து அவ்வேலைகளைத் தாமே செய்யட்டும். அதற்கு எத்தனை பேர் பெயர் கொடுப்பர் என்று அடுத்த பொதுக்கூட்டத்திலேயே கேட்டுப் பார்க்கலாம்.