விருந்தினரா, பரதேசியா?

ஊருக்குப் புதிதாக வந்தவரைக் குறிப்பதற்குத் தமிழிலே இரண்டு சொற்கள் உள. ஒன்று விருந்தினர், மற்றையது பரதேசி. விருந்து என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். ஆகவே விருந்தினர் என்போர் புதியவர். பரதேசி என்பவனும் பிறதேசத்திலிருந்து வந்தவனே. பொருளளவில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆயினும் முன்னையவருக்கு இலை போடுகின்றோம். பின்னையவனைப் படலைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றோம். வேற்றுமை வந்தவரிடத்தில் இல்லை. வரவேற்போரின் மனத்திலேயே அது பிறக்கின்றது. நாடு விட்டு நாடு சென்று வாழ்ந்த யூத மக்களின் வரலாற்றிலிருந்து இதனை இவ்வாரம் சிந்திப்போம்.

யூதரின் வழிபாட்டிடத்தை ஜெபாலயம் என்கின்றோம். எபிரேய மொழியில் அதற்கு வழங்கும் பெயர் 'கூடும் வீடு' என்னும் பொருளுடையது. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் யெருசலேம் நகரத்து ஆலயத்தை அழித்தனர். அதன்பின் பலியும் பலிபீடமும் இல்லாத இந்தக் கூடும் வீடுகளே அச்சமயத்தைத் தாங்கி நின்றன. இங்கே வழிபாடு முழுமை பெறுவதற்குக் கோபுரமோ விக்கிரகமோ வேண்டியதில்லை. பத்துப் பேர் வேண்டும். 'மின்யான்' எனப்படும் இத்தொகை நிறையாதவிடத்துச் சில வேண்டுதல்களைச் சொல்லலாகாது. வைதிகப் பிரிவினர் 13 வயது நிரம்பிய ஆடவரையே இதிற் கணக்கிடுவர். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையுஞ் சேர்த்துக்கொள்வர். அமெரிக்காவிலுள்ள நடுநிலைப் பிரிவினரும் 1973ஆம் ஆண்டில் அதற்கு வழிவிட்டனர்.

இவ்விதியின் நுட்பத்தைச் சிறிது நோக்குக. தந்தையையோ தாயையோ இழந்த மகன், பதினொரு மாதம் 'கதீஷ்' என்னும் துதியைச் சொல்லுதல் யூதர் வழக்கம். தனியே இருந்து அதனைச் சொல்லுதல் கூடாது, மின்யான் வேண்டும். ஆகவே துயருற்ற ஒருவன் முன்பின் அறியாத ஊருக்கு வந்து சேர்ந்தாலும், ஒன்பது பேரைத் தேடிச் சென்றே ஆகவேண்டும். மறுபுறத்தில், ஒன்பது பேர் மட்டுமே கூடியிருக்கும் ஒரு சிற்றூரில், வாயிலில் வந்து நிற்கும் புதியவனே அவர்களது வழிபாட்டை நிறைவு செய்பவனாகின்றான். புதியவனுக்குச் சபை தேவை. சபைக்கும் புதியவன் தேவை. இங்கே வரவேற்பு என்பது வெறும் உபசார வார்த்தையன்று.

இவ்வளவு சிறந்த ஏற்பாடு இருந்தும், புதிய நகரிற் குடியேறும் யூதக் குடும்பத்துக்குத் தக்கதொரு சபை உடனே கிடைத்துவிடுகின்றது என்று எண்ணவேண்டா. ஒரே நகரில் வைதிகர், நடுநிலையாளர், சீர்திருத்தத்தார் எனப் பல சபைகள் இருக்கும். ஸ்பானிய மரபினர் பாடும் இராகம் வேறு. கிழக்கு ஐரோப்பிய மரபினர் பாடும் இராகம் வேறு. அமெரிக்காவிலே பல சபைகள் உறுப்பினரின் ஆண்டுச் சந்தாவைக் கொண்டு நடைபெறுவன. புத்தாண்டு, பாவநிவாரண நாள் ஆகிய பெருநாட்களில் இருக்கைக்குச் சீட்டு வழங்கும் இடங்களும் உள. இயலாதோருக்குச் சந்தாவைக் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பினும், அதனை வாய்விட்டுக் கேட்கப் புதியவருக்கு நாணம் வந்துவிடும்.

ஆதலால் அனுபவமுடையோர் கூறும் வழி இது. பெருநாட் கூட்டத்தைக் கண்டு ஒரு சபையை மதிப்பிடலாகாது. சாதாரணமான ஓய்வுநாளிற் சென்று பார்க்கவேண்டும். ஒருமுறை சென்று மனஞ் சலிக்காமல் இரண்டு மூன்று முறை செல்லவேண்டும். வழிபாடு முடிந்தவுடன் ஓடிவிடாது, பின்னர் நடக்கும் 'கித்தூஷ்' என்னும் சிற்றுண்டி வேளைக்குத் தங்கவேண்டும். ஒரு சபையின் இயல்பை அதன் பிரசங்கத்திலும் பார்க்க அதன் சிற்றுண்டி மேசையே தெளிவாகக் காட்டும். புதியவர் ஒருவர் கோப்பையைக் கையிற் பிடித்தபடி சுவரோரமாக நிற்கின்றார். எவரேனும் வந்து பெயர் கேட்கின்றாரா? பகலுணவுக்கு இடம் உண்டா என வினாவுகின்றாரா? இவ்விரண்டு வினாக்களும் எழும் சபை நல்ல சபை. நாலைந்து கிழமை கழிந்தபின் கதிரை அடுக்கவோ, குழந்தைகளுக்குக் கற்பிக்கவோ ஒரு வேலை அவரிடம் ஒப்படைக்கப்படுமாயின், அவர் புதியவர் என்பதே மறந்துபோகும்.

வரவேற்பைக் கெடுப்பது பெரும் பகை அன்று. பெரும்பாலும் சிறு பழக்கமே. வழிபடுவோன் தனக்கென ஓரிடத்தை நிலையாகக் கொள்ளல் நன்று என்று தல்மூத் என்னும் யூதரின் மறைவிளக்க நூல் சொல்லுகின்றது. மனம் ஒருமைப்படுவதற்காகக் கூறிய அறிவுரை அது. ஆனால், அறியாமல் அவ்விடத்தில் அமர்ந்துவிட்ட புதியவரிடம் 'இது என்னுடைய இடம்' என்று ஒருவர் கூறிவிட்டால், அவ்வொரு வார்த்தையே ஒரு குடும்பத்தை அச்சபைக்கு மறுமுறை வரவிடாமற் செய்துவிடும். அதே தல்மூத்திலேதான் வேறொரு கருத்தும் உண்டு. இறைவனது சந்நிதியில் நின்ற ஆபிரகாம், வழிப்போக்கர் மூவரைக் கண்டதும் அவர்களை உபசரிக்க ஓடினார் என்று கதை கூறுகின்றது. இதனைக் கொண்டு, விருந்தோம்பல் இறைவனின் சந்நிதியை எதிர்கொள்வதிலும் மேலானது என அந்நூலோர் முடிவு செய்தனர். இறைவனையே காத்திருக்கச் செய்து விருந்தினரைக் கவனிக்கலாமெனில், ஒரு வாங்கை விட்டுக்கொடுத்தல் எம்மாத்திரம்?

பழக்கம் கடினமாகி வழக்கமாகிவிட்டால் யாது நிகழும் என்பதை அறியத் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. கேரளத்துக் கொச்சியின் வரலாறே போதும்.

மலையாளக் கரையில் யூதர் பெற்ற வரவேற்பு செப்பேட்டிலே பொறிக்கப்பட்டது. ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டில், பாஸ்கர இரவிவர்மன் என்னும் சேர மன்னன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் உரிமையையும், பகல்விளக்கு, குடை, தோரணம் முதலிய சிறப்புக்கள் அடங்கிய 72 விடுபேறுகளையும் அளித்தான். வட்டெழுத்தில் அமைந்த அப்பட்டயத்தின் மொழி அக்காலத் தமிழுக்கு மிகவும் அணுக்கமானது. பின்னர், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் தம் யூதக் குடிகளைத் துரத்தியபோது, அவர்களுட் சிலர் கொச்சியை வந்தடைந்தனர். கொச்சி அரசர் தமது மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்தே அவர்களுக்கு நிலம் வழங்கினார். 1568ஆம் ஆண்டில் அங்கே ஒரு ஜெபாலயம் எழுந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? பரதேசி ஜெபாலயம்! வந்தேறிகளின் ஆலயம் என்பதே அதன் பொருள்.

ஆனால் வரவேற்கப்பட்டவர்கள் வரவேற்பவர்களாக மாறியபோது கதை வேறாயிற்று. தமக்குமுன்பே அங்கு வாழ்ந்த மலபார் யூதரைப் பரதேசி ஜெபாலயத்தார் தமக்கு நிகரான உறுப்பினராக ஏற்றிலர். அடிமைத்தளையினின்றும் விடுவிக்கப்பட்டு யூத சமயத்திற் சேர்ந்தோரின் வழித்தோன்றல்களுக்கோ நிலைமை இன்னுங் கீழானது. அவர்கள் அதே ஜெபாலயத்தைச் சேர்ந்தவர்களாயிருந்தும், முன்மண்டபத்திலே தரையிலோ படியிலோ இருக்கவேண்டும். தோரா என்னும் வேதத்தை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. வேதம் இதனை விதித்ததா? இல்லை. 16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பெருஞ் சட்ட அறிஞராகிய டேவிட் இப்ன் சிம்ரா, கொச்சியிலிருந்து சென்ற வினாவுக்கு விடையளிக்கையில், முறைப்படி நீராட்டுச் சடங்கு நிறைவேறின் இவர்களோடு மணவுறவுங் கொள்ளலாம் என்றே தீர்ப்புக் கூறினார். சட்டம் கதவைத் திறந்தது. வழக்கம் அதனைச் சாத்தியது.

அவ்வகுப்பிற் பிறந்தவரே ஆபிரகாம் பராக் சேலம். 1882ஆம் ஆண்டிற் பிறந்து, சென்னையிற் கல்வி பெற்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையிலும் இடம் பெற்றார். நாட்டின் சபையிலே பேச இடமுண்டு. சொந்த ஜெபாலயத்திலே இருக்க இடமில்லை! அவர் வேறோர் ஆலயத்தை நாடிப் போகவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைப் பின்பற்றித் தம் சபையோரின் மனச்சாட்சியோடு போராடினார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். ஆண்டுகள் பல சென்றன; தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1948ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதரிற் பெரும்பாலார் அங்கே குடிபெயர்ந்தனர். சேலம் கொச்சியிலேயே தங்கி, 1967ஆம் ஆண்டிற் காலமானார். அன்று உள்ளே இருக்க இடம் மறுக்கப்பட்டவரின் பெயரை, இன்று அவ்வட்டாரத்து வீதி தாங்கி நிற்கின்றது.

இன்னுமொன்று கூறவேண்டும். பரதேசி ஜெபாலயத்தைச் சார்ந்த யூதர் இன்று மட்டாஞ்சேரியில் மிகச் சிலரே. உள்ளூரவரைக் கொண்டு பத்துப்பேரைச் சேர்த்தல் இயலாது. வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் வந்தாற்றான் அத்தொகை நிறையும். தன்னவரையே எண்ணிக்கையிற் சேர்க்கத் தயங்கிய இடம், இன்று முகமறியாதவரின் வரவை எதிர்நோக்கி நிற்கின்றது.

'வருவோர் எல்லோரையும் வரவேற்றல் எளிதா? தீயவனும் வருவானே' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி, பாவநிவாரண நாளிலே, ஜேர்மனியின் ஹாலே நகரத்து ஜெபாலயத்தைத் துப்பாக்கி ஏந்திய ஒருவன் தாக்கினான். உள்ளே ஏறக்குறைய 50 பேர் இருந்தனர். அச்சிறு சபையோடு சேர்ந்து வழிபடுவதற்காகப் பேர்லினிலிருந்து வந்த இளைஞரும் அவர்களுள் இருந்தனர். பூட்டியிருந்த மரக்கதவு அவனைத் தடுத்தது. உள்ளே இருந்தோர் பிழைத்தனர். வெளியே இருவர் உயிரிழந்தனர். அன்று பூட்டிய கதவே விருந்தினரையுங் காத்தது.

2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கொலிவில் என்னும் ஊரில் வேறொன்று நிகழ்ந்தது. குளிர்மிக்க காலையில், முன்பின் அறியாத ஒருவன் ஜெபாலயக் கதவைத் தட்டினான். ரபியாகிய சார்லி சிற்றன்-வாக்கர் கதவைத் திறந்து, தேநீர் வைத்துக் கொடுத்து, அவனோடு உரையாடினார். வழிபாடு நடந்துகொண்டிருக்கையில் அவன் துப்பாக்கியை எடுத்தான். ரபியுடன் நால்வர் பிணையாளராயினர். மாலையில் ஒருவர் விடுவிக்கப்பட்டார். ஏறக்குறைய பதினொரு மணி நேரத்தின் பின், ரபி ஒரு கதிரையைத் தூக்கி அவன்மீது எறிந்து, எஞ்சிய இருவரோடு வெளியே ஓடித் தப்பினார். பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருந்தமையே தங்களைக் காத்தது என்று அவர் பின்னர் கூறினார். ஆயினும் அந்நியரை வரவேற்கும் கடமை நீங்கிவிட்டது என்று அவர் கூறவில்லை. அது நிலைத்து நிற்கின்றது என்றே வலியுறுத்தினார்.

இவற்றால் நாம் அறிவது யாது? காவலும் வரவேற்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இன்று பல நாடுகளில் ஜெபாலய வாயிலிலே காவலர் நிற்கின்றனர். புதியவரிடம் பெயரும் ஊரும் கேட்கப்படுகின்றன. தோற்றத்தில் வேறுபட்ட யூதர்க்கு, ஆபிரிக்கராயினும் ஆசியராயினும், இவ்வினாக்கள் சற்று அதிகமாகவே நேர்கின்றன. உள்ளே சென்றபின்னும் 'நீர் எப்படி யூதரானீர்?' என்ற கேள்வி அவர்களைத் தொடர்கின்றது. வாயிலிற் கேட்கும் கேள்வி உயிரைக் காப்பதற்கு. அது ஒருமுறை போதும். உள்ளே கேட்கும் கேள்வி மனத்தைப் புண்படுத்துவது. அது ஒருமுறையும் வேண்டா. சமயம் மாறி வந்தோரின் மக்களிடம் முன்னோரின் செயலை நினைவூட்டிப் பேசலாகாது என்று யூதரின் பழைய சட்டநூலே தடுத்திருக்கின்றது.

வாசகர்களே, நம் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் கல்விக்கும் தொழிலுக்குமாகக் கடல் கடந்து செல்கின்றனர். அங்கே அவர்கள் ஏதேனுமொரு வாயிலிற் புதியவராக நிற்பர். அவர்களை எவரேனும் பெயர் கேட்டு, அருகில் இருத்திக்கொள்ள வேண்டுமென்றே நாம் விரும்புவோம். அவ்வாறாயின், நம் ஊர்க் கோவிலிலும் பள்ளியிலும் சங்கத்திலும் சுவரோரமாக நிற்கும் புதியவரிடம் முதலிற் செல்லவேண்டியவர் நாமே. அவரை விருந்தினர் ஆக்குவதும் பரதேசி ஆக்குவதும் நமது முதல் வார்த்தையே.