காந்தக் கரி சாயத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது

கொட்டாங்குச்சி, தென்னை நார்க்கழிவு, நெல் உமி போன்றவற்றில் இருந்து காந்த நானோ பொருள் தயாரிக்கும் ஆய்வுகள் பெருகி வருகின்றன. முறை எளிதுதான். கழிவை இரும்பு குளோரைடு கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் சில நூறு டிகிரி வெப்பத்தில் கரியாக்குகிறார்கள். கரியின் நுண்துளைகளில் மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பொடியைச் சாயநீரில் கலக்கினால் கரி சாயத்தைப் பிடிக்கும். காந்தத்தைக் காட்டினால் பொடி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கரித்தூளை வடிகட்டி எடுக்கும் பாடு மிச்சம்.

இது வெறும் வேடிக்கை அல்ல. 2006-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்களால் தண்ணீரில் உள்ள ஆர்சனிக்கைப் பிடித்து, வலுக்குறைந்த காந்தத்தாலேயே வெளியே இழுக்கலாம் என்று காட்டினார்கள். நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள மேற்கு வங்கம் போன்ற இடங்களுக்கு அது பெரிய செய்தி.

நொய்யல் கரை விவசாயிகளின் நிலைமை வேறு. அங்கே நிலத்தைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பங்கு அதிகம். துணியில் சாயம் ஏறப் பட்டறைகளில் கொட்டிய உப்பு, ஒரத்துப்பாளையம் அணை வரை வந்து கிணறுகளிலும் இறங்கியது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு முற்றியது. கரைந்த உப்பைக் காந்தக் கரி பிடிக்காது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யார் சொன்னாலும், மின்கடத்துத்திறன் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் பாய்ச்சக் கூடாது.

'தாவரத்தில் இருந்து தயாரித்தது' என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். செடி தருவது கரியை மட்டுமே. தேயிலை, வேப்பிலைச் சாறு பயன்படுத்தும் முறைகளில் ஒரு ரசாயனத்துக்குப் பதிலாக அந்தச் சாறு வேலை செய்கிறது, அவ்வளவுதான். இரும்பு உப்பு விலைக்கு வாங்குவதே.

எனக்கு உள்ள பெரிய கவலை, வேலை முடிந்த பொடியைப் பற்றியது. சாயமும் உலோகமும் ஏறிய அந்தப் பொடியை, 'உயிர்க்கரிதானே, மண்ணுக்கு நல்லது' என்று சொல்லி வயலில் தள்ளிவிடுவது சுலபம். வாங்கவும் ஆள் இருக்கும், விலை மலிவாக இருந்தால். சாயப்பட்டறைச் சேற்றைப் போலவே இதையும் அபாயக் கழிவாகக் கணக்கில் வைத்து, தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தண்ணீரில் பயன்பட்டது என்ற விவரம் இல்லாத கரியை, மண் வளம் கூட்டும் பொருள் என்று வேளாண் உதவி அலுவலர்கள் பரிந்துரைக்கக் கூடாது.