கல்லுக்குள் காலியிடம்

பாறை வெடிப்பு என்றால் என்ன என்று கோலார் தங்கவயல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோண்டத் தோண்ட, சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று சிதறும். நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்களில் அப்படி உயிரிழந்த தமிழர்கள் பலர். சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அதே போன்ற விபத்து, தலைமுடியைவிட மெல்லிய அளவில், பாட்டரி விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

செல்போன் பாட்டரியில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. கிராஃபைட்டைக் காலி செய்துவிட்டு லித்தியம் உலோகத்தையே வைத்தால், கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி என்பது 3,860 ஆகும். பத்து மடங்கு! சிக்கல் சார்ஜ் ஏற்றும்போது. லித்தியம் சமமாகப் படியாமல் முள்முள்ளாக வளர்கிறது. எலக்ட்ரோலைட் எனும் மின்பகுளித் திரவத்தைக் கடந்து எதிர்முனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட், தீ. கனடா நிறுவனம் ஒன்று 1989-ல் இத்தகைய பாட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

திரவத்துக்குப் பதில் கல்லை வைத்தால்? ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் வெர்னர் வெப்னருடன் சேர்ந்து 2007-ல் அப்படியொரு பீங்கானை அறிவித்தவர்கள் நம்மவர்கள்: ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை. முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழக இயற்பியல்காரர். லித்தியம், லாந்தனம், ஜிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த இந்தப் பீங்கானின் அணு அடுக்கு நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகத்தின் ஜாதி.

இவ்வளவு கெட்டியான பொருளில் முள் நுழையாது என்று நம்பினார்கள். நுழைந்தது. கத்தியால் வெட்டக்கூடிய அந்த மெத்தென்ற உலோகம் நுண்விரிசலில் புகுந்து, உள்ளிருந்தே நெருக்கிப் பீங்கானைப் பிளந்தது.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் எரிக் வாக்ஸ்மன் குழு எதிர்த்திசையில் யோசித்தது: லித்தியம் இடம் தேடி உடைப்பதற்குள் நாமே இடம் கொடுத்துவிடலாம். நடுவில் மெல்லிய, துளையற்ற படலம். அதை ஒட்டிப் பஞ்சு போலத் துளைகள் நிறைந்த அதே பீங்கான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் துளைகளை நிரப்பும், இறங்கும்போது காலி செய்யும். பரப்பு அதிகமென்பதால் மின்னோட்டம் ஓரிடத்தில் குவியாது. பாட்டரி உப்புவதும் குறையும்.

எவ்வளவு துளை என்பதில்தான் சாமர்த்தியம். அதிகமானால் பீங்கான் நொறுங்கும், அயனிகளின் பாதையும் ஒடுங்கும். குறைந்தால் லித்தியத்துக்கு இடம் போதாது. போதாக்குறைக்கு லித்தியம் இந்தப் பீங்கானில் எளிதில் ஒட்டாது. அலுமினிய ஆக்சைடை மெல்லியதாகப் பூசி ஒட்டவைக்கும் வழி 2017-ல் வெளியானது. தங்கதுரையும் அந்தக் குழுவில் உண்டு.

கோலாரில் தோண்டிய வெற்றிடத்தைக் கருங்கல் அடுக்கித் தாங்கினார்கள். இங்கே வெற்றிடத்தையே சூளையில் சுட்டெடுக்க வேண்டும், அதுவும் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகிப் போகிறது என்பதால், எடைபோடும்போதே கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.