திரும்பி வந்த மடல்

நம் கல்லூரியின் கல் பங்களாவைக் கட்டிய சல்லிவன், 1820-களில் சென்னைக்கு எழுதிய கடிதங்கள் மலையிறங்கிப் போய்ச் சேரப் பல நாட்கள் ஆகியிருக்கும். இன்று காந்தலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே நொடியில் மடல் அனுப்பலாம் என்று பெருமை கொள்கிறோம். ஆயினும் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, "மெயில் வருகிறது, ஆனால் போகமாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் நம் வகுப்புகளில் கேட்கத்தான் செய்கிறது. உடனே மழையையும் டவரையும் நொந்துகொண்டு, அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம். இது பயனற்ற வேலை என்பது என் துணிபு.

வருவது வேறு; போவது வேறு. வந்த மடலை நமக்குத் தருவது ஒரு சர்வர். நாம் அனுப்பும் மடலை வாங்கிக்கொள்வது மற்றொன்று. தபால்காரர் வீட்டுக்கு வருகிறார் என்பதற்காகத் தெருமுனைத் தபால் பெட்டி திறந்திருப்பதாகப் பொருளாகுமா? போகும் மடலுக்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வெளியிட்டார். அவற்றில் நான் பெரிதும் போற்றுவது ஒன்றுண்டு. மடலை மறுக்கும் சர்வர், மறுப்பை மூன்றிலக்க எண்ணால் தெரிவிக்க வேண்டும். மனிதர்கள் அமர்ந்திருக்கும் அலுவலகங்களில்கூட எளிதில் கிடைக்காத மரியாதை இது!

எண் 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது; பெரும்பாலும் சர்வரே மீண்டும் முயன்று பார்க்கும். 5-இல் தொடங்கினாலோ, நாம் எதையேனும் மாற்றினாலன்றி மடல் போகாது. 550 என்றால் பெரும்பாலும் முகவரிப் பிழை. 552 என்றால் மடலின் கனம் மிகுதி, அல்லது பெறுபவரின் பெட்டி நிறைந்துவிட்டது. 535 என்றால் நம் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை. இந்த மூன்றாவதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு நுழையும் பழைய மெயில் செயலிகளுக்கு, கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல் கதவடைக்கத் தொடங்கியது. கடவுச்சொல் சரியாகவே இருந்தும் பலர் அதை மாற்றி மாற்றிச் சலித்தனர்.

மதிப்பெண் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்து அப்படியே இணைப்பவர்களுக்கு ஒரு சொல். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்.பி. வரையே இடமுண்டு, மற்ற சர்வர்கள் சில இன்னும் கறாரானவை. கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்வதால் அதன் கனம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியும் விடுகிறது. மேலும், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் சுற்றுலாப் படங்களால் நிறைந்துவிட்டால், ஜிமெயிலில் மடல் வரவும் வராது, போகவும் போகாது.

இத்தனையும் திரும்பி வரும் மடலிலேயே எழுதியிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. அனுப்பியவர் பெயர் "மெய்லர் டீமன்" என்றிருப்பதைக் கண்டு, ஏதோ வைரஸ் என்று அழித்துவிடுகிறோம். ஆங்கிலம் அச்சுறுத்துகிறது என்பதும் உண்மையே. ஆனால் எண்ணைப் படிக்க ஆங்கிலம் எதற்கு?

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இல்லாத முகவரி ஒன்றுக்கு வேண்டுமென்றே ஒரு மடல் அனுப்பி, அது திரும்பி வந்ததும் அனைவரும் அதை வரி விடாமல் படிக்கட்டும். உதவித்தொகை அறிவிப்பு பலகையில் ஒட்டப்படுவதற்கு முந்திய வாரம் இதற்கு ஏற்றது.