பேய்ப் படமும் பிள்ளைகளும்

சங்கராபுரத்திலிருந்து ஒரு தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு மூன்று குழந்தைகள். மூத்தவனுக்கு வயது 14, நடுப்பெண்ணுக்கு 9, கடைசிப் பையனுக்கு 4. அக்டோபர்க் கடைசியில், மூத்தவன் படிக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் 'ஹாலோவீன்' என்று பேய் வேஷம் போட்டார்களாம். அந்த உற்சாகத்தில் அன்றிரவு, "குடும்பத்தோடு பார்க்கத்தக்க பேய்ச் சிரிப்புப் படம்" என்று சொல்லப்பட்ட ஒன்றை வீட்டு டெலிவிஷனில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். மூத்தவன் சிரித்தான். பெண் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கொண்டு பார்த்தாள். சின்னவனோ அன்று முதல் விளக்கை அணைத்தால் அலறுகிறான். கொல்லைப்பக்கம் போக மாட்டேன் என்கிறான். குளித்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டுக் கொண்டு வரும் பெற்ற தாயைக் கண்டே ஓடி ஒளிகிறான். பத்தாம் நாள் பாட்டியம்மாள் பையனைத் தூக்கிக் கொண்டு போய், ஒரு மந்திரக்காரனிடம் 500 ரூபாய் கொடுத்து, கறுப்புக் கயிறும் தாயத்தும் கட்டிக் கொண்டு வந்துவிட்டார்கள்.

"கூட்டங்களுக்கு வருகிறேன், பத்திரிகை வாசிக்கிறேன், ஊராருக்கு உபதேசம் செய்கிறேன். ஆனால் என் பிள்ளையின் கையிலேயே தாயத்து ஏறிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைகளையும் வைத்துக் கொண்டு எந்தப் படத்தைப் பார்ப்பது, எதை விடுவது?" என்று அவர் கேட்கிறார்.

நாட்டில் எவ்வளவோ கேடுகள் இருக்க, சினிமாப் படம் பொறுக்கிக் கொடுப்பதும் நம் வேலையா என்று சில தோழர்கள் நினைக்கலாம். நம் வேலைதான் என்கிறோம். ஏனெனில் நாம் மேடையில் ஒரு மணி நேரம் பேசிப் போக்குகின்ற மூடநம்பிக்கையை, படக்காரன் இரண்டரை மணி நேரத்தில், அதுவும் நம்மிடமே காசு வாங்கிக் கொண்டு, நம் பிள்ளையின் மூளையில் குடியேற்றி விடுகிறான். படக்காரன் பயத்தை விற்றான். மந்திரக்காரன் பயத்துக்கு மருந்து விற்றான். விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன். இருவருக்கும் கூலி கொடுத்தவர் நம் தோழர்!

வெள்ளைக்காரன் பேயும் நம் பேயும்

முதலில் இந்த ஹாலோவீன் என்பதைப் பார்ப்போம். அயர்லாந்து முதலிய இடங்களில் பழங்காலத்து ஜனங்கள், குளிர்காலம் தொடங்கும்போது செத்தவர்களின் ஆவிகள் வெளியே நடமாடும் என்று நம்பித் தீ மூட்டினார்கள். பின்னால் பாதிரிமார் நவம்பர் 1-ஐப் புனிதர் திருநாள் என்று வைத்துக் கொள்ள, அதற்கு முந்தின இரவாகிய அக்டோபர் 31 இந்தப் பெயரைப் பெற்றது. இன்று அமெரிக்காவில் அது பெரும்பாலும் குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாய் மிட்டாய் வாங்குகிற விளையாட்டு. வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில் நம்மைவிடப் புத்திசாலியாக இருந்துவிடவில்லை. 1692-இல் சேலம் என்ற ஊரில் (நம் அண்டைச் சேலமல்ல, அமெரிக்கச் சேலம்) சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். பிறகு வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்துக்குப் பிறகுதான் பேய் அங்கே பொம்மையாயிற்று.

நம் நாட்டிலோ பேய் இன்னும் பொம்மையாகவில்லை. அமெரிக்கக் குழந்தை பரங்கிக்காயைக் குடைந்து, மூக்கும் முழியும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்துச் சிரிக்கிறது. நாமோ ஆயுத பூஜையன்று பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி, திருஷ்டி கழிப்பதாக நடுரோட்டில் உடைத்து, இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் சறுக்கி விழுந்து காலை முறித்துக் கொள்ள வழி செய்கிறோம். அவர்கள் கோர முகத்தை வருஷத்துக்கு ஓர் இரவு மாட்டுகிறார்கள்; நாம் புதுவீடு கட்டினால் வருஷம் முழுவதும் மாட்டி வைக்கிறோம். இப்படியிருக்க, பேய் வேஷம் அந்நிய நாகரிகமாயிற்றே என்று ஆத்திரப்படுகிறவர்கள், உள்ளூர்ப் பேயைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? வேஷத்தைப் பற்றி நமக்கு ஆக்ஷேபணை இல்லை. வேஷம் என்று தெரிந்து போட்டுக் கொள்ளுகிற குழந்தை பயப்படுவதில்லை. வேஷத்தை நிஜமென்று நம்பச் செய்வதுதான் நமது ஆக்ஷேபணை.

பேய் ஏன் எப்போதும் பெண்?

நம் பேய்ப் படங்களில் வருகிற பேய் பெரும்பாலும் பெண். உயிரோடிருந்த போது அவளை ஏமாற்றினார்கள், கெடுத்தார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள், கொன்றார்கள். அப்போது ஊர் கேட்கவில்லை, பஞ்சாயத்து கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை. செத்த பிறகு தலைமயிரை விரித்துப் போட்டுக் கொண்டு வந்து அவளே நியாயம் வாங்கிக் கொள்ளுகிறாளாம்! 2011-இல் வந்த 'காஞ்சனா'வில் திருநங்கை ஒருவருக்கு இழைத்த அநீதியைச் சொன்னார்கள். அதைச் சொன்னது நல்லதுதான். ஆனால் அந்தத் திருநங்கைக்கும் உயிரோடு நீதி கிடைக்கவில்லை, பேயாகித்தான் கிடைத்தது.

இதைப் பார்க்கிற 9 வயதுப் பெண் என்ன கற்றுக் கொள்ளுவாள்? உயிரோடிருக்கும் வரை பொறுத்துக் கொள்ள வேண்டும், செத்த பின் பார்த்துக் கொள்ளலாம் என்பதைத்தானே? பக்கத்திலிருக்கும் பையன் என்ன கற்றுக் கொள்ளுவான்? தலைவிரித்த பெண், கோபங்கொண்ட பெண், இரவில் தனியாய் நடக்கிற பெண் எல்லாம் பயங்கரம் என்பதைத்தானே? நம் தோழரின் 4 வயதுப் பையன் தன் தாயைக் கண்டு ஒளிந்தானே, அது அந்தப் பாடத்தின் முதல் வரி.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பேய் பிடித்தது என்கிற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியே சாட்சி. மனநோய் கண்டவர்களை டாக்டரிடம் கொண்டு போகாமல், தர்காவை நம்பி அங்கே கொண்டு வந்து விட்டுப் போனார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அதிகாலை, அவர்களை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். எந்தப் பேய் அவர்களைக் கொன்றது? நம்முடைய அறியாமை என்கிற பேயல்லவா?

வயதறிந்து காட்டுக

இனி, தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். மூன்று பிள்ளைகளும் ஒரே படத்தைப் பார்த்தாலும், பார்ப்பது மூன்று வெவ்வேறு படங்கள்.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கண்ணால் கண்டதே மெய். முகம் கோரமாயிருந்தால் கெட்டவன், அழகாயிருந்தால் நல்லவன். அவ்வளவுதான் அதன் கணக்கு. "அது பொய்டா, வேஷம்டா" என்று எத்தனை தரம் சொன்னாலும் அதன் மனத்தில் ஏறாது. அந்த வயதில் பயந்த குழந்தைக்கு வேண்டியது நியாயவாதமல்ல, மடி. அணைத்துக் கொள்ளுங்கள், குடிக்க ஏதாவது கொடுங்கள், விளக்கைப் போடுங்கள், பக்கத்தில் படுத்துக் கொள்ளுங்கள். தாயத்து கட்டினால் பயம் போகாது. "பேய் உண்டு, அதனால்தான் பாட்டி கட்டினாள்" என்று பயம் ருசுவாகிவிடும்.

எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைக்கு வேஷம் வேஷமென்று புரியும். அதற்குப் பேயைவிட, நடக்கக் கூடிய காரியங்களில்தான் பயம் அதிகம்: திருடன், பிள்ளை பிடிக்கிறவன், தாய் தகப்பன் சாவு. இந்த வயதில் காரணம் சொன்னால் எடுபடும். ரத்தம் என்பது சாயம், அலறல் என்பது ஒலிப்பதிவு என்று விளக்குங்கள். பயங்கரக் கட்டத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட விடுங்கள். பாதிப் பேய் அந்த இடத்திலேயே செத்துப் போகும்.

பதிமூன்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயமே ஒரு விளையாட்டு. அவர்களைத் தடுப்பதைவிட அவர்களோடு வாதாடுவது மேல்.

ஆகவே முதல் விதி இது: எல்லோரும் சேர்ந்து பார்க்கிற படத்தைக் கூட்டத்திலுள்ள கடைசிக் குழந்தையின் வயதை வைத்துப் பொறுக்க வேண்டும். மூத்தவன் ஆசைப்படுவதைச் சின்னது தூங்கிய பிறகு, வேறு அறையில், தகப்பனோடு பார்க்கட்டும். ஒரே அறை வீடாயிருந்தால் சின்னது பாட்டி வீட்டுக்குப் போன நாளில் பார்க்கட்டும்.

சர்க்கார் முத்திரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பாருங்கள். 2023-ஆம் வருஷத்துச் சினிமாச் சட்டத் திருத்தத்தின்படி 'யு/ஏ' என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் பெற்றோருக்குச் சொல்லுகிற யோசனையே தவிர, கொட்டகை வாசலில் குழந்தையைத் தடுக்கிற பூட்டல்ல. 'ஏ' முத்திரை ஒன்றுதான் தடை. அன்றியும் சென்சார்காரர் முக்கியமாய்ப் பார்ப்பது ரத்தத்தையும் ஆபாசத்தையும்தான். படம் முடிகிறபோது மந்திரக்காரன் ஜெயித்தானா, புத்தி ஜெயித்ததா என்று அந்த எண் சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியது நீங்கள்.

இரண்டாவது விதி அதுதான். எந்தப் படமானாலும் கடைசிக் கால் மணி நேரத்தைப் பெரியவர்கள் முன்னதாகப் பார்த்துவிடுங்கள். பயத்துக்குக் காரணம் கண்டுபிடித்து முடிக்கிறானா, அல்லது உடுக்கையும் வேப்பிலையும் கொண்டு வந்து முடிக்கிறானா என்று கவனியுங்கள்.

உதாரணமாகச் சில சொல்லுவோம். 2001-இல் பிக்சார் கம்பெனியார் எடுத்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்' என்ற கார்ட்டூன் படத்தில், குழந்தைகளைப் பயமுறுத்தி, அவற்றின் அலறலைப் பிடித்து அடைத்து, ஒரு நகரத்துக்கே மின்சாரம் எடுக்கிறார்கள். கடைசியில் அலறலைவிடச் சிரிப்பில் பல மடங்கு சக்தி இருப்பதைக் கண்டுபிடித்துத் தொழிலை மாற்றிக் கொள்ளுகிறார்கள். அலறலில் பிழைக்கிற கம்பெனிகள் நம் நாட்டில் எவையெவை என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சரியாய்ச் சொல்லும். 1969-இல் அமெரிக்க டெலிவிஷனில் தொடங்கிய 'ஸ்கூபி டூ'வின் பழைய கதைகளில் பேய் வரும். முகமூடியைக் கழற்றினால் சொத்துக்கோ பணத்துக்கோ ஆசைப்பட்ட ஒரு மனிதன் இருப்பான். நாம் மேடையில் சொல்லுவதும் அதைத்தானே? நம் தமிழிலேயே 1967-இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' சிரிக்க வைக்கிற பூதம். கதை கதையாகவே இருக்கிறது. யாரும் தாயத்து தேடிப் போகிறதில்லை. 1984-இல் மலையாளத்தில் எடுத்த, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகிய 'மை டியர் குட்டிச்சாத்தா'னில் குழந்தைகள் மந்திரவாதிக்கு எதிர்க் கட்சி. அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் மந்திரவாதி வருகிற கட்டங்கள் மிகச் சிறியவற்றுக்கு ஆகா.

மூத்த பையனுக்கு 2005-இன் 'சந்திரமுகி'யைக் காட்டுங்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இருந்தது மனநோய் என்று டாக்டர் சொல்லுகிறார். பின் ஏன் சாமியாரும் பூஜையும் அதே படத்தில் வந்து புகழில் பங்கு கேட்கின்றன என்று பையனிடம் கேளுங்கள். 2012-இன் 'பீட்சா'வில் பேய்க் கதை அவ்வளவும் வைரத்தை ஒளிப்பதற்காகக் கட்டிய பொய் என்று வெளியாகிறது. பலே என்று நாம் கைதட்டுவதற்குள், கடைசி நிமிஷத்தில் நிஜப் பேயைக் காட்டிவிடுகிறான்! அறிவுக்குப் படம் முழுவதையும் கொடுத்துவிட்டு, முடிவை மட்டும் பேயிடம் ஏன் ஒப்படைத்தான்? இதைப் பற்றி ஒரு மணி நேரம் பையனோடு விவாதம் செய்யுங்கள். பத்துப் பிரசங்கத்துக்குச் சமானம்.

எதற்குப் பயப்படுவது?

"குழந்தைக்குக் கொஞ்சம் பயம் இருந்தால்தான் சொன்னபடி கேட்கும்" என்று சில தாய்மார்கள் சொல்லுகிறார்கள். பூச்சாண்டி காட்டிச் சோறூட்டி வளர்த்த பிள்ளை, பெரியவனான பின் ஜோசியனுக்கும், மந்திரக்காரனுக்கும், மிரட்டுகிற எவனுக்கும் அடங்கும். அந்த அடக்கம் வேண்டுமா?

பயப்பட வேண்டியவை நம் ஊரில் இல்லாமலா போய்விட்டன? 2021 அக்டோபர் 26-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, இதே சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை தீப்பற்றிப் பலர் மாண்டார்களே, அதைச் செய்தது எந்தப் பிசாசு? 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அது எந்த முனி? கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் இருட்டில் பேய் இல்லை, கட்டுவிரியன் உண்டு. அதற்குக் கையில் வேண்டியது டார்ச்சு விளக்கு, தாயத்தல்ல. கடித்துவிட்டால் ஓட வேண்டிய இடம் விஷமுறிவு மருந்துள்ள அரசாங்க ஆஸ்பத்திரி, மந்திரிக்கிறவன் திண்ணையல்ல. பொய்ப் பயத்தை மனத்தில் நிரப்பிய பிள்ளைக்கு மெய்ப் பயத்துக்கு இடம் இருக்காது.

ஆகவே சங்கராபுரம் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். பாட்டியம்மாளைக் கோபிக்க வேண்டாம். அவர்கள் பேரன் மேலுள்ள பிரியத்தினால் செய்தார்கள். இன்றிரவு சின்னவனைப் பக்கத்தில் படுக்க வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு டார்ச்சு விளக்கு ஒன்றை வாங்கி அவன் கையிலேயே கொடுத்து, அவனைக் கூட்டிக் கொண்டு கொல்லைப்பக்கம் போங்கள். அவனே வெளிச்சம் அடித்துப் பார்க்கட்டும். அக்காளும் அண்ணனும் முகத்தில் மாவைப் பூசிக் கொண்டு அவன் எதிரிலேயே பேயாகட்டும், அவன் எதிரிலேயே கழுவிக் கொண்டு மனிதராகட்டும். தாய் தலை சீவும்போது சீப்பை அவனிடம் கொடுக்கட்டும். சில நாளில் அவனே கயிற்றை என்னவென்று கேட்பான். அப்போது பாட்டியம்மாள் கையாலேயே அதை அவிழ்க்கச் சொல்லுங்கள்.